சாட்சி வைத்து அழித்த படங்கள்

காயல்பட்டினத்தில் ஷஃபீகாவின் ஸ்டூடியோவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தெருப்பக்கம் வாசலும் கிடையாது. பெண்கள் நடக்கிற முடுக்கு வழியாகப் பின்பக்கம் போனால் பச்சைத் திரை தொங்கும் ஓர் அறை வரும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. இந்த அறைக்குப் பதினோரு வருடமாக வேலை குறைந்ததில்லை. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் பெண்கள் இருக்கும் பக்கம் கேமராவோடு நுழைய முடிந்தவள் அவள் ஒருத்திதான். வீடு அவள் உம்மா கொடுத்தது. கணவன் அம்மார் சவூதியில், தம்மாம் ஊரில் துணிக்கடையில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாமியார் வீட்டுக்கு வருவதுபோல மனைவி வீட்டுக்கு வந்து, நாற்பது நாள் தூங்கிவிட்டுப் போவான்.

ஒரு பெண் இப்படி ஊரின் முகங்களையெல்லாம் ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஷஃபீகா தொழில் ஆரம்பித்த இரண்டாம் மாதமே ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. ஆல்பத்தையும் பென்டிரைவையும் கொடுத்த கையோடு, கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களை அவள் அழித்துக் காட்ட வேண்டும். பெண் வீட்டிலிருந்து நாலைந்து பெண்கள் வந்து பார்ப்பார்கள். அதோடு ஓர் ஆண் சாட்சியும் வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது.

சாட்சி வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டவர் யஹ்யா காக்கா. கொழும்பில் கடை வைத்திருந்து, அதை மகனிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தவர். கையில் நேரம் நிறைய இருந்தது. ஆனால் அவர் ஆண்பிள்ளை ஆயிற்றே, திரையைத் தாண்டி உள்ளே வர முடியாது, படங்களைப் பார்க்கவும் கூடாது. ஆகவே வெளியே முடுக்கில் சுவரைப் பார்த்து முதுகைக் காட்டி நிற்பார். படத்தைப் பார்க்காமல் படம் அழிந்ததற்குச் சாட்சி சொல்வது எப்படி? அதற்குத்தான் அந்தச் சத்தம்.

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் கம்ப்யூட்டர் காகிதத்தைக் கசக்குவதுபோல ஒரு சத்தம் போடும், தெரியும்தானே? அதுதான் ஊரின் அத்தாட்சி. சத்தம் வந்ததும் யஹ்யா காக்கா வெளியிலிருந்து, "அல்ஹம்துலில்லாஹ், அழிஞ்சிட்டு" என்பார். உள்ளே பெண்கள் கொண்டுவந்த தம்மடைப் பலகாரத்தைப் பிட்டு வாயில் போடுவார்கள். ஒரு முறை ஸ்பீக்கர் கெட்டுப்போய்ச் சத்தம் வரவில்லை. படங்கள் போய்விட்டன, பெட்டி காலி என்று உள்ளே இருந்த நாலு பெண்களும் சொன்னார்கள். காக்கா இடத்தை விட்டு அசையவில்லை.

"ஏம்மா ஷஃபீகா, எனக்கு ஒண்ணும் கேக்கலியே. நான் நாளைக்கு என்னன்னு சொல்லுவேன்?"

மறுநாள் ஷஃபீகா தூத்துக்குடி போய் வூஃபரோடு இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்தாள். அதில் அந்தச் சத்தம் ஓலைக் கூரையைப் பிய்த்து எறிவதுபோல் கேட்டது. யஹ்யா காக்காவுக்குப் பரம திருப்தி. "இப்பத்தான் அழிஞ்ச மாதிரி இருக்கு" என்றார். அதற்குப் பிறகு வந்த குடும்பங்கள் பெரிய சத்தம்தான் வேண்டும் என்று கேட்டே வாங்கினார்கள்.

இவ்வளவு காவலும் ஷஃபீகாவின் அறைக்கு மட்டும்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழித்து முடித்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கல்யாணப் பெண்ணின் சாச்சி பென்டிரைவைச் செருகி, இருநூறு படத்தை வாட்ஸ்அப்பில் குடும்ப குரூப்புக்கு அனுப்பியிருப்பாள். குரூப்பில் நூற்று நாற்பது பேர். கொழும்பு, ஜித்தா, ஹாங்காங், சென்னை மண்ணடி. அதில் பதினேழு எண் யாருடையது என்று குரூப்பை ஆரம்பித்தவனுக்கே தெரியாது. பெரிதாக்கிப் பிரேம் போட வேண்டுமென்று அதே பென்டிரைவைத் தம்பியிடம் கொடுத்துத் தூத்துக்குடி லேபுக்கு அனுப்புவார்கள். லேப்காரன் வேலை சுலபமாக இருக்கட்டும் என்று மொத்தத்தையும் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வான். அங்கே போய் யாரும் முதுகைக் காட்டி நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஷஃபீகா இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பாளே தவிர, தன் பங்கில் குறை வைக்க மாட்டாள். அவளிடம் ஒப்படைத்த முகம் அமானிதம், அடைக்கலப் பொருள். அப்படித்தான் அவள் நினைத்தாள். அழித்தேன் என்றால் அழித்தேன். அந்த ஒரு சொல்லில்தான் அவள் வண்டி ஓடியது, ஊர் அவளைக் கல்யாண வீட்டுக்குள் விட்டது.

போன வருடம் ஒரு ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டது. அதில் இன்னும் கொடுக்காத இரண்டு கல்யாணம் இருந்தது. ஆண்கள் நடத்தும் கடையில் அதைக் கொடுக்க வழியில்லை. விசாரித்ததில் தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஜெயபிரியா என்று ஒருத்தி கிடைத்தாள். டிப்ளமா படித்தவள், ஸ்கூட்டியில் பையோடு வந்து வீட்டிலேயே வேலை பார்த்துக் கொடுப்பாள். அவள் வந்தாள், டிஸ்க்கை வேறொரு பெட்டியில் மாட்டினாள், ஏதோ ஒரு மென்பொருளை ஓடவிட்டாள். மூன்று மணி நேரம் கழித்து, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள்போலத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, ரெண்டு கல்யாணம்னு சொன்னிய. இருபத்தாறு கல்யாணம் வந்திருக்கு!"

திரையில் வரிசை வரிசையாக மணப்பெண்கள். தாவணியும் மருதாணியும் மாலையுமாக, அந்த இரண்டு பேரைத் தவிர ஒவ்வொருத்தியும் சாட்சி வைத்து அழிக்கப்பட்டவள். ஷஃபீகா எழுந்து வாசல் திரையை இன்னும் இழுத்துவிட்டாள். யஹ்யா காக்கா இருபத்துநாலு முறை அல்ஹம்துலில்லாஹ் சொன்னதெல்லாம் வீண்.

"மத்தது எல்லாம் நான் அழிச்சதும்மா. குப்பையையும் காலி பண்ணினேன். சத்தம்கூட வந்திச்சி."

ஜெயபிரியா சிரித்தாள். "சத்தம் வரும்க்கா. சத்தத்துக்கு என்ன? டெலிட் பண்ணினா ஆபரேட்டிங் சிஸ்டம் லிஸ்ட்ல இருந்து பேரைத்தான் அடிக்கும். வோட்டர் லிஸ்ட்ல பேரை அடிச்சுட்டா ஆளு செத்தா போவான்? அவன் பாட்டுக்கு வீட்ல உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருப்பான். அதே மாதிரிதான். படம் இருந்த எடத்துல இருக்கும். அந்த எடம் காலின்னு மட்டும் சிஸ்டம் எழுதி வச்சிக்கிடும்."

"அப்போ எப்பத்தான் அழியும்?"

"அந்த எடத்துல புதுசா வேற ஒண்ணு எழுதினாத்தான். நீங்க அடுத்த கல்யாணத்தை ஏத்தும்போது, அது எங்கன போய் விழுதோ அங்கன இருந்த பழசு போகும். எதுக்கு மேல எது விழும்னு நம்ம கையில இல்ல. நெசமாவே அழிக்கணும்னா டிஸ்க் முழுக்கப் பூச்சியமா எழுதணும். ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்க்கா."

"அதுக்குச் சத்தம் வருமா?"

"வராது" என்றாள் ஜெயபிரியா.

அன்று ஷஃபீகா மதியம் சாப்பிடவில்லை. ஒரு பழைய மெமரி கார்டை மதினி மகளுக்குப் பாட்டு ஏற்றக் கொடுத்தது நினைவுக்கு வந்து, கொதிக்கிற வெயிலில் ஓடிப்போய் வாங்கி வந்தாள். பிறகு பெட்டியைத் திறந்து டிஸ்க்குகளை எண்ணினாள். பத்து. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பூச்சியம் எழுத ஆரம்பித்தாள். புது வேலைகளுக்கு ஜெயபிரியா சொன்னபடி டிஸ்க்குக்கே பூட்டுப் போட்டு, சாவிச் சொல் இல்லாமல் யாரும் எதையும் படிக்க முடியாதபடி வைத்துக்கொண்டாள்.

ஊரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். 'பதினோரு வருசமா அழிச்சேன்னு சொன்னதெல்லாம் அழியல' என்று சொன்னால், அடுத்த கல்யாணத்துக்கு எவள் கூப்பிடுவாள்? ஆகவே குடும்பங்கள் வந்தால் வூஃபரைத் தட்டிவிட்டுச் சத்தத்தைக் கேட்க வைப்பாள். காக்கா சாட்சி சொல்வார், தம்மடை தீரும், எல்லோரும் போவார்கள். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நிஜமாக அழிப்பாள். ஒன்பது டிஸ்க் முடிந்தது. பத்தாவதற்குப் பொருந்தும் கேபிள் இல்லை. ஜெயபிரியாவிடம் சொல்லிவைத்திருந்தாள். அவள் "வாங்கிட்டு வாரேன்க்கா, வாரேன்க்கா" என்று இரண்டு மாதத்தை ஓட்டி, ஒருவழியாகப் போன செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து கொடுத்தாள்.

புதன்கிழமை காலை, ஷஃபீகா அந்த டிஸ்க்கை மேசைமேல் எடுத்து வைத்த நேரத்தில், திரையை விலக்கிக்கொண்டு மர்யம் வந்தாள்.

மர்யம், யஹ்யா காக்காவின் தங்கை சக்கீனாவின் மகள். கல்யாணம் 2019இல். எடுத்தது ஷஃபீகாதான். சக்கீனா மாமி எட்டு மாதத்துக்கு முன் மவுத்தாகி அடக்கமாகிவிட்டார். மர்யம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஓர் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"ராத்தா, இது உம்மா மாதிரியா இருக்கு?"

இல்லை. ஆதார் எடுத்த அன்று யாருக்குத்தான் தன் முகம் இருந்தது? அட்டையில் இருந்தது சக்கீனா மாமிதான் என்பதைப் பெயரைப் படித்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. வாக்காளர் அட்டையில் இருப்பது இதைவிட மோசம் என்றாள் மர்யம். அந்த இரண்டையும் தவிர உம்மாவின் படம் உலகத்தில் எங்கும் கிடையாது. சக்கீனா மாமி கேமராவைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போகிறவர்.

"முகம் மறக்குது ராத்தா" என்றாள் மர்யம். "கொரல் இருக்கு. ஏசினது எல்லாம் அப்படியே காதுல இருக்கு. முகத்தை நெனச்சா ஆதார்தான் வருது. எனக்கு உம்மா வேணும்."

பிறகு வந்த வேலையைச் சொன்னாள். "எங்க கல்யாணத்துல உம்மாவும் விழுந்திருப்பாவுல்லா. அழிச்சிட்டியன்னு தெரியும், மாமா வெளியில நின்னு கேட்டாவ. இருந்தாலும்… ஒண்ணாவது அழிக்காம வச்சிருக்கியளா? பொய் சொல்லியிருந்தாலும் நான் கோவப்பட மாட்டேன். சத்தியமா சந்தோசப்படுவேன்."

ஒரு நேர்மையான பெண்ணைப் பார்த்து, நீ ஏமாற்றுக்காரியாக இருக்கக் கூடாதா என்று கெஞ்சினால் அவள் என்னதான் சொல்வாள்? ஷஃபீகாவுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. ஆல்பம் போடும் முன்பே சக்கீனா மாமி இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து, திரையில் தபால்தலை அளவில் ஓடிய படங்களில் தான் இருப்பதையெல்லாம் விரலால் காட்டினார். இது, இது, அந்தா அது. இருபத்துமூன்று. "பெருசாக்காத, நீயும் பாக்காத, அழி. ஒரு கண்ணு படக்கூடாது" என்றார். மகளுக்காவது ஒன்று இருக்கட்டுமே மாமி என்று ஷஃபீகா கேட்டாள். "மகளுக்கு நான் இருக்கேன். போட்டோ எதுக்கு?" என்றார் மாமி.

அந்த இருபத்துமூன்றும் அழிக்கப்பட்டது இதோ மேசைமேல் கிடக்கும் பத்தாவது டிஸ்க்கிலிருந்துதான்.

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மர்யம் நம்பிவிடுவாள், ஊர் முழுக்க நம்பும். இன்னும் மூன்று மணி நேரத்தில் அது உண்மையாகவும் ஆகிவிடும். ஷஃபீகா வாயைத் திறந்துவிட்டாள். ஆனால் அந்தப் பிள்ளை ஆதார் அட்டையைத் துப்பட்டா நுனியால் துடைத்துப் பைக்குள் வைப்பதைப் பார்த்ததும் வார்த்தை மாறிவிட்டது.

"அழிச்சது அழியல மர்யம்" என்றாள். "உம்மாவோடது மட்டும் இல்ல, யாரோடதும் அழியல. எனக்கே போன வருசம்தான் தெரியும்."

முழுக்கச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. வோட்டர் லிஸ்ட்டையும் சேர்த்துத்தான். மர்யம் கோபப்படவில்லை, பயப்படவில்லை. அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று.

"அப்போ உம்மா இருக்காவ."

"இருக்கலாம். ஆனா ஒரு கண்ணு படக்கூடாதுன்னு உங்க உம்மா என்கிட்ட சொன்னாவ. இப்ப கேக்கவும் ஆளில்ல. நான் எப்படித் திறப்பேன்?"

"ராத்தா, இருபத்தேழு வருசமா அந்த முகத்தை நான் யார்ட்ட அனுமதி கேட்டுப் பாத்தேன்?"

ஷஃபீகா டிஸ்க்கைக் கேபிளில் மாட்டினாள். மீண்டு வருவதை அதே டிஸ்க்கில் எழுதினால் இருப்பதும் போய்விடும் என்று ஜெயபிரியா எச்சரித்திருந்ததால், வேறொரு காலி டிஸ்க்கைப் பக்கத்தில் மாட்டினாள். மென்பொருளை ஓடவிட்டாள். லுஹர் பாங்கு சொன்னது, இருவரும் மாறி மாறித் தொழுதுவிட்டு வந்தார்கள். ஒரு மணிவாக்கில் முடிந்தது. கல்யாணத் தேதியை வைத்து, மற்றவற்றுக்கு முன்பே அழிக்கப்பட்ட அந்த இருபத்துமூன்றையும் திறக்காமலே தனியாக ஒதுக்கினாள். ஷஃபீகா மவுசை மர்யமின் கையில் கொடுத்துவிட்டு, தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ மட்டும் பாரு. நான் பாக்கல."

பின்னால் மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் அதுவும் நின்றது. ஷஃபீகா அழுகையை எதிர்பார்த்தாள். கேட்டது சிரிப்பு. முதலில் மூக்கால், பிறகு அடக்க முடியாமல்.

"ராத்தா, இங்க வாங்க."

"வேண்டாம்மா."

"ஒண்ணும் இல்ல ராத்தா, வந்து பாருங்களேன்! ஒண்ணுமே இல்ல!"

ஷஃபீகா திரும்பினாள். திரை நிறைய ஓர் உள்ளங்கை. மருதாணி வைத்த, விரல்களை விரித்துக் கேமராவை நோக்கி நீட்டிய கை. மர்யம் அடுத்ததற்குப் போனாள். மேடையில் மணப்பெண், அவள் தோளுக்குப் பின்னால் முக்காடு, முக்காட்டுக்கு முன்னால் கை. அடுத்தது சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்த பெண்கள், நடுவில் நெய்ச்சோறு ஒட்டிய கை. அடுத்ததில் கையோடு ஆட்காட்டி விரலும் எச்சரிக்கிறது. இப்படியே பதினெட்டு. ஒரு கண்கூட, ஒரு மூக்குகூடத் தெரியவில்லை. முகமே விழாத படங்களை அழிக்கத்தான் மாமி அன்று அத்தனை பாடுபட்டிருக்கிறார். யஹ்யா காக்கா வெயிலில் நின்றிருக்கிறார்.

"ஏசுதாவ ராத்தா" என்றாள் மர்யம். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை. "பாருங்களேன், இந்தா என்னை ஏசுதாவ. 'எங்கன வந்து எதைத் தோண்டுதே, போளா வீட்டுக்கு'ன்னு சொல்லுதாவ. எங்க உம்மாதான். ஆதார்ல இருக்கது யாரோ."

பத்தொன்பதாவதைத் திறந்தாள். அதில் கை இல்லை.

மகளுக்கு மாலை திருத்துகிறவர், கேமரா இருப்பதை ஒரு கணம் மறந்திருக்க வேண்டும். இழுத்துவிட்ட முக்காடு, அதன் ஓரத்தில் நரைத்த முடி கொஞ்சம், நெற்றி, இடது புருவம். புருவத்துக்குக் கீழே சாம்பல் நிறம். படத்தின் கடைசி வரை வெறும் சாம்பல்.

"ஏன் ராத்தா இப்படி?"

"அந்த எடத்துல வேற எழுதிட்டேன் போல" என்றாள் ஷஃபீகா. "அதுக்கு அடுத்து ஏத்தினது ஒரு பந்தி வீடியோ. யார் வீட்டதுன்னுகூட நெனப்பில்ல. யாரும் அதைக் கேட்டு வாங்கலை."

மிச்சம் நாலு படமும் திறக்கவே இல்லை. மர்யம் அந்தப் புருவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஷஃபீகா தன்னையே திட்டிக்கொண்டாள். எவள் சோறு தின்றால் எனக்கென்ன, அதை எதற்கு நாற்பது நிமிடம் எடுத்தேன்? மன்னிப்புக் கேட்கலாமா என்றால், எதற்கு என்று சொல்லிக் கேட்பது? அழிக்காமல் விட்டதற்கா, அழித்ததற்கா?

"இதை மட்டும் ஒரு பிரிண்ட் போட்டுத் தரட்டா? கை உள்ளதாச்சும்?"

மர்யம் முகத்தைத் துடைத்தாள். பதினெட்டுக் கைகளும் திரையில் சின்னச் சின்னதாக வரிசையில் நின்றன.

"வேண்டாம் ராத்தா. இத்தனை தரம் சொல்லுதாவ. நான் பாத்துட்டேன்லா, போதும். புருவம் ஞாபகம் வந்துட்டு, அதுலருந்து மிச்சத்தை நான் பிடிச்சிக்கிடுவேன். ரெண்டு டிஸ்க்கையும் அழிச்சிருங்க. நெசமா."

ஷஃபீகா பூச்சியம் எழுதும் மென்பொருளைத் திறந்தாள். இதற்குப் பிறகு எதுவும் திரும்ப வராது, தொடரலாமா என்று அது கேட்டது. ஷஃபீகாவின் விரல் நின்றுவிட்டது. மர்யம் எட்டி அவளிடமிருந்து மவுசை வாங்கி, ஆமாம் என்பதைத் தானே அமுக்கினாள். அஸர் தொழுகை நேரமும் தாண்டி, இரண்டாவது டிஸ்க்கும் நூறு சதவீதம் ஆகும்வரை அவள் வீட்டுக்குப் போகவில்லை.